பக்கா வேலைக்கான படிவம்

அந்தமானின் பாராடாங் தீவு அரசுப் பள்ளியின் தமிழ் வகுப்பில் ஒன்பது பிள்ளைகள். பதினொரு வருடமாக அந்த வகுப்புக்கு ஒரே ஆசிரியை வசந்தகுமாரி, அதுவும் ஒப்பந்தத்தில். ஒவ்வொரு மார்ச்சிலும் ஒப்பந்தம் முடியும்; வேலை நிலைக்குமா என்று தெரியாது.

நான்கு முறை தவறிய ஆசிரியர் தகுதித் தேர்வில் இம்முறை தேறிவிட்டாள். தேறியவர்களுக்கு நிரந்தர வேலையும் கூடுதல் சம்பளமும் உண்டு. ஆனால் போர்ட் பிளேரில்தான். இங்கே அப்படியொரு பதவிக்கு நிதியில்லை என்று தலைமையாசிரியர் கைவிரித்துவிட்டார். சம்மதப் படிவம் இன்று மாலைக்குள் போர்ட் பிளேர் கல்வி அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

படிவத்தில் கையெழுத்திட்டு, உறையில் போட்டுப் படகுத்துறைக்குப் போனாள். அக்கரைக்குப் போகும் ஃபெரியில் கயிறு கட்டும் தம்பையாவின் மகள் அவளிடம் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள்.

“பக்கா நௌக்ரியாமே டீச்சர், நிரந்தர வேலை! மிட்டாய் எங்க?”

“நான் போயிட்டா உங்க மகளுக்கு யாருங்க சொல்லிக்கொடுப்பா?”

அவர் சிரிப்பு நின்றது. “ஹிந்தி கிளாஸ்ல உட்காரவைப்பாங்க. நானும் அப்படி ஹிந்தி புரியாம முழிச்சிக்கிட்டு உட்கார்ந்து, நாலாவதோட நின்னவன்தானே.”

 ஆனாலும் அவள் உறையை அவரிடம் நீட்டினாள்.

“அக்கரையில போர்ட் பிளேர் பஸ் கண்டக்டர்கிட்ட குடுத்துடறேன்” என்று வாங்கி, சாரல் படாமல் சட்டைக்குள் செருகிக்கொண்டு, தம்பையா கயிற்றை அவிழ்த்தார்.