கார் இல்லாத கார் சீற்

என் மகளுக்கு அவளுடைய அப்பா லண்டனிலிருந்து அனுப்பிய முதல் பரிசு, கைக்குழந்தையைக் காரில் இருத்திக் கட்டும் ஒரு கார் சீற். கார் எங்களிடம் இல்லை. கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், விசாவுக்குக் காத்துக்கொண்டு நானும் துணைக்கு அக்காவும் இருந்த வாடகை வீட்டில் காரை நிறுத்த இடமும் இல்லை. ஆனாலும் அது வந்து சேர்ந்த அன்று, காரே வந்திறங்கிய மாதிரி அக்கம்பக்கத்தார் எல்லோரும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மகள் அதிலேயே குடியேறினாள். பால் குடிப்பது, சிரிப்பது, நித்திரை கொள்வது எல்லாம் அதற்குள்தான். எனக்கு அது வெறும் சீற் இல்லை. அவளை இன்னும் நேரில் காணாத மனிதர் தேடித் தெரிந்தெடுத்து அனுப்பியது. அவர் மடியில் இருக்கிறாள் என்றே நினைத்துக்கொண்டேன். அக்கா மட்டும், "மகாராணியைச் சிம்மாசனத்தால இறக்க மாட்டியோ?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

ஆறு மாதம் முடிந்தும் மகள் உடம்பு பிரட்டவில்லை. மேல்மாடி வீட்டுக் குழந்தை, இவளுக்கு இளையது, கட்டிலின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு உருண்டுகொண்டிருந்தது. பிள்ளைக்கு ஏதோ குறை என்று நானே முடிவுகட்டி, அழாக்குறையாக டொக்டரிடம் ஓடினேன். சீற்றோடுதான்.

டொக்டர் அம்மா பிள்ளையைப் பார்க்க முன்னர் சீற்றைப் பார்த்தார்.

"கார் எங்க?"

"கார் இல்லை, டொக்டர். த்ரீவீலரில வந்தனாங்கள்."

"அப்ப பிள்ளை ஏன் இதுக்குள்ள?"

நான் பட்டியைக் கழற்றிப் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தேன். பிள்ளையைச் சோதித்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார். பிரட்ட இடம் கொடுத்தால்தானே பிரட்டுவாள் என்றார்.

"இது கார் ஓடேக்க பிள்ளையைக் காப்பாத்திற சாமான். வீட்டில இதுக்குள்ள நித்திரை கொள்ள விடாதையுங்கோ. தலை முன்னுக்குத் தொங்கினா மூச்சுக்குக் கஷ்டம். நித்திரைக்குத் தட்டையான மெத்தையில மல்லாக்கப் போடுங்கோ. முழிச்சிருக்கேக்க, நீங்கள் பக்கத்தில இருந்துகொண்டு, நிலத்தில குப்புற விடுங்கோ."

மெத்தை சரிவந்தது. நிலம்தான் சரிவரவில்லை. குப்புற விட்டதும் ஊரைக் கூட்டுவாள். மனம் பொறுக்காமல் நான் தூக்கித் திரும்பவும் சீற்றில் வைத்துவிடுவேன்.

"இப்பிடியே போனா, கலியாண மேடைக்கும் சீற்றோடதான் தூக்கவேணும்," என்றாள் அக்கா.

யுத்தக் காலம். ஒரு நாள் பின்னேரம் பொலிஸார் வீடு வீடாகச் சோதனைக்கு வந்தார்கள். அடையாள அட்டையையும், கொழும்பில் தங்கும் தமிழர் வைத்திருக்கவேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டையும் பிடித்துக்கொண்டு நான் சுவரோடு நின்றேன். வந்த பொலிஸ்காரருக்கு என் பத்திரங்களில் அக்கறையில்லை. பட்டியும் பூட்டுமாக இருந்த அந்தச் சாமானைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கார் சீற் என்றேன்.

"கார் எக்க கோ?" கார் எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். உலகத்தில் எல்லோருக்கும் அந்தக் கார்தான் வேண்டியிருந்தது.

சீற்றின் மெத்தையைக் கழற்றி உள்ளே பார்க்கவேண்டுமாம். அக்கா பாயை விரித்து, பிள்ளையைச் சீற்றிலிருந்து தூக்கிக் குப்புற விட்டாள். இதோ கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். மகளோ அவருடைய சப்பாத்தைப் பார்த்தாள். பிறகு முழங்காலை. பிறகு பெல்ட்டை. முகத்தைக் காணத் தலையை இன்னும் இன்னும் உயர்த்தியவள், தலைப் பாரத்தில் சரிந்து மல்லாக்கப் பிரண்டாள். கிடந்தபடியே அவரைப் பார்த்துச் சிரித்தாள். தோளில் துவக்கோடு வந்த மனிதர் ஓரடி பின்வாங்கினார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மெத்தையை மறந்து அடுத்த வீட்டுக்குப் போனார்.

அக்கா துள்ளினாள். எனக்குச் சந்தோஷத்தோடு கோபமும் வந்தது. பெற்ற தகப்பன் பார்க்கவேண்டியதை யாரோ ஒரு பொலிஸ்காரர் பார்த்துவிட்டுப் போகிறார்.

மறுநாள் தொலைபேசிக் கடையிலிருந்து லண்டனுக்கு எடுத்து அவளுடைய அப்பாவுக்குச் சொன்னேன். சீற்றில் இருக்கிறாளா என்று கேட்டார். இல்லை, நிலத்தில் பிரண்டு திரிகிறாள் என்றேன்.

"அவள் தவழத் தொடங்க முதல் உங்களுக்கு விசா வந்திடும்," என்றார்.

வரவில்லை. அவள் பிடித்து எழும்பி நின்றபோதும் வரவில்லை. கடைசியில் விசா வந்து, லண்டனில் அப்பாவை முதன்முதலாகக் கண்ட அன்று, தூக்குவதற்கு அவர் குனிய முன்னரே, அவள் தன் காலால் நடந்து அவரிடம் போனாள்.