பெருந்துறையைத் தாண்டிய பிளேடு

பேசியே ஆளை அறுப்பவர்களுக்கு பிளேடு என்று பெயர். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் அந்தப் பெயர் எனக்குத்தான். நான் ஒத்துக்கொண்டதே இல்லை.

ஒருநாள் சிங்காநல்லூரில் ஈரோடு பஸ் ஏறினேன். பக்கத்துச் சீட்டுக்காரரிடம், எங்கள் தோட்டத்தில் தண்ணீருக்குப் போர்வெல் போட்ட கதையை ஆரம்பித்தேன். "அப்படீங்களா" என்று கேட்டுக்கொண்டே வந்தார். கதை முடிவதற்குள் ஈரோடு வந்துவிட்டது.

"நீங்க எங்க போகோணுங்க?" என்றேன்.

"பெருந்துறைங்க, தங்கச்சி ஊட்டு விருந்துக்கு. அது அப்பவே தாண்டிருச்சுங்க. நீங்க பேசீட்டிருக்கையில எந்திரிச்சா நல்லாருக்குமுங்களா?"

வெட்கமாகிவிட்டது. கொண்டுபோய் விட நானும் அவரோடு திரும்பும் பஸ்ஸில் ஏறினேன். வாயைத் திறக்கவில்லை. அவரே கேட்டார்: "ஏனுங்க, கடைசில தண்ணி வந்துச்சுங்களா?"

இந்த முறை ஊர் தப்பிவிடாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே மீதிக் கதையைச் சொன்னேன். பெருந்துறை வந்ததும், வாழ்க்கையில் முதன்முறையாக, நானாகவே ஒரு கதையைப் பாதியில் நிறுத்தினேன்.