எட்டு மணி விவாதமும் செண்பகத்தின் கடையும்

செண்பகத்தின் கடை போனதற்கு நீதிபதி காரணமல்ல, நான்தான். இதை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்... உங்களிடம் சொல்வது எளிது. நீங்கள் என் எதிரே வந்து நிற்கப் போவதில்லை.

நான் தென்காசியில் வக்கீல். பத்து வருடம், அடுத்தவர் கேஸுக்கு வாய்தா வாங்கிக் கொடுத்தே காலம் தள்ளியவன். ஒருநாள் சென்னைச் சேனல் ஒன்று விவாதத்துக்கு அழைத்தது. நன்றாகப் பேசினேன். சத்தமாகப் பேசினேன் என்பதே உண்மை. மறுவாரம் கடையநல்லூரிலிருந்தும் வாசுதேவநல்லூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். சட்டம் எனக்கு எவ்வளவு தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. டிவியில் வந்த வக்கீல், அது போதும். நானும் பெயர்ப்பலகையில் 'தொலைக்காட்சி புகழ்' என்று எழுதிக்கொண்டேன். வெட்கங்கெட்டவன்!

செண்பகமும் அப்படி வந்தவள்தான். ஐந்தருவி போகும் சாலையில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை வைத்திருந்தாள். புருஷன் இறந்த மறுவருடம், கடையைக் காலி செய்யச் சொல்லிக் கொழுந்தன் வழக்குப் போட்டான். அவள் பக்கம் நியாயமும் இருந்தது, பத்திரமும் இருந்தது. கொழுந்தனைக் கூண்டில் நிறுத்தி நாலு கேள்வி கேட்டிருந்தால் ஜெயித்திருப்போம்.

அந்த வெள்ளிக்கிழமை கடைசி வாய்தா. நீதிபதி முன்பே கண்டித்துச் சொல்லியிருந்தார். அன்றைக்கே இரவு எட்டு மணிக்குச் சென்னையில் டிவி விவாதம். தலைப்பு... பெண்களின் சொத்துரிமை.

"நானும் கோர்ட்டுக்கு வரட்டுமா ஐயா?" என்று போனில் கேட்டாள்.

"வேண்டாம். சாரல் சீசன், நீங்க கடையைப் பாருங்க. நான் பாத்துக்கிடுதேன்."

அவள் வந்திருந்தால், தானே எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பாளே... நண்பர் ஒருவரிடம் கேஸ் கட்டைக் கொடுத்து, வாய்தா கேட்கச் சொல்லிவிட்டு வியாழக்கிழமையே ரயில் ஏறினேன். அவருக்குச் செங்கோட்டைக் கோர்ட்டில் வேலை இழுத்துவிட்டது. பெயர் கூப்பிட்டபோது எங்கள் தரப்பில் ஆளில்லை. எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு, எங்கள் தரப்பைக் கேட்காமலே கொழுந்தனுக்குச் சாதகமாக.

முப்பது நாளுக்குள் மனுப் போட்டு அதை ரத்து செய்யக் கேட்கலாம். வக்கீலுக்குக் காய்ச்சல் என்று எழுதுவது எங்களுக்குள் வழக்கம். நானும் எழுதியிருக்கிறேன்... திங்கட்கிழமை கேன்டீனில் எதிர்த்தரப்பு வக்கீல் அண்ணாச்சி தோளைத் தட்டினார்.

"பேச்சு ஜோர்லே. காய்ச்சல்னு மட்டும் எழுதிராத. எங்க வீட்டுல எல்லாரும் உக்காந்துல்லா பாத்தோம்."

உண்மையை எழுதியிருக்கலாம். ஆனால் அந்த மனுவில் கையெழுத்துப் போட வேண்டியவள் செண்பகம். படித்துக் காட்டாமல் வாங்க முடியுமா? அவளுக்குத் தெரிந்தால் குற்றாலம் முழுக்கத் தெரியும். பிறகு யார் என்னைத் தேடி வருவார்கள்? நாளை, நாளை என்று முப்பது நாளையும் கடத்தினேன். பிறகு அவளைக் கூப்பிட்டு, தீர்ப்பு பாதகமாகிவிட்டது என்றேன். அப்பீல் போனாலும் பயனில்லை என்றேன். அப்பீலில் முதலில் வெளிவருவது நான் வராத கதைதான்.

அவள் அழவில்லை. என்னைத் தேற்றினாள்.

"விடுங்கய்யா. அன்னைக்கு டிவியில எனக்காவத்தான பேசுனீய. கடைக்கு வந்தவுகளையெல்லாம் நிப்பாட்டிக் காமிச்சேன். ஜட்ஜு மனசு எரங்கலன்னா நீங்க என்ன செய்வீய?"

அந்த நிமிடம் செத்துவிடலாம் போலிருந்தது.

இப்போது அவள் வேறொருவர் கடையில் கூலிக்குக் காய் சீவுகிறாள். போன வாரம் ஆய்க்குடிக்காரி ஒருத்தியை என் ஆபீசுக்கு அழைத்து வந்தாள். வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லி அவளுக்கும் வழக்கு. வந்தவள் தயங்கினாள்.

"ஏட்டி, இவுகளை விட்டா நமக்கு வேற யாரு இருக்கா? நம்பிக் குடு" என்றாள் செண்பகம்.

சொல்லியிருக்க வேண்டும். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும்... நான் வக்காலத்துத் தாளை எடுத்து நீட்டினேன். எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று செண்பகமே அவளுக்கு விரல் வைத்துக் காட்டினாள்.