அவனவன் சீட், அவனவன் வேலை

1. சிதம்பரத்தில்

முதன்முதலாக இன்டர்வியூ என்று ஒன்றுக்குப் போனபோது எனக்குத் தலை நரைத்திருந்தது. சிதம்பரத்தில் டிராக்டர் ஸ்பேர்பார்ட்ஸ் கம்பெனி. அக்கவுண்டன்ட் வேலை. மேனேஜரம்மாவுக்கு என் மகள் வயது இருக்கும்.

"ஜிஎஸ்டி ரிட்டர்ன் நீங்களே போடுவீங்களா சார்?"

"இல்லம்மா. அது எதிர் சீட்."

"பேங்க் ரீகன்சிலியேஷன்?"

"அது பக்கத்து சீட்."

"சம்பளம், பிஎஃப்?"

"அது மொதலாளி ரூம்ல."

பேனாவை மூடி வைத்தார். "அப்ப இத்தன வருஷமா நீங்க என்னதான் சார் பாத்தீங்க?"

"பர்ச்சேஸ் பில் என்ட்ரி."

"அப்புறம்?"

அப்புறம் ஒன்றும் இல்லை. அது அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. அந்தம்மா தண்ணீர் கொடுத்தார்.

2. சிப்காட்டில்

அதற்கு முன் நான் இருந்ததெல்லாம் கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனி. பத்தாவதோடு சேர்ந்தேன். முதல் நாளே முதலாளி சொல்லிவிட்டார். "அவனவன் சீட், அவனவன் வேல. அடுத்தவன் ஸ்கிரீன எட்டிப் பாக்கக் கூடாது."

டேபிளுக்கு டேபிள் நடுவே இரும்பு பீரோ. சாப்பாட்டு நேரம்கூட ஆளுக்கொன்று. ஒருவர் லீவு போட்டால் அவர் வேலை அவர் வரும்வரை கிடக்கும். காரணத்தை முதலாளி மறைக்கவில்லை.

"ஒருத்தனுக்கு எல்லாம் கத்துக் குடுத்தேன். பாண்டிச்சேரிக்கு ஓடிட்டான்."

கெட்ட மனிதர் இல்லை. என் மனைவிக்கு ஆபரேஷன் என்றபோது தன் காரிலேயே அழைத்துப் போனார். "அவனுக்கப்புறம் எங்கிட்ட சேந்தவன் எவனும் விட்டுப் போனதில்ல" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். எங்களுக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு கம்பெனியை விற்றார். வாங்கியவர்கள் கணக்கு வேலையைச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள்.

3. பஸ்ஸில்

சிதம்பரத்தில் இன்டர்வியூ முடிந்து வெளியே வந்தால் பெஞ்சில் ஜமால் பாய். பேங்க் வேலை பார்த்த அதே பக்கத்து சீட் பாய். எனக்கு அடுத்து அவரைக் கூப்பிட்டார்கள். பிறகு இருவரும் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். ஆலப்பாக்கம் தாண்டியதும் பாய் கேட்டார்.

"மச்சான், நீ என்னா சொன்ன?"

"பேங்க் பக்கத்து சீட்னேன்."

"நான் பர்ச்சேஸ் பக்கத்து சீட்னேன்." பாய் சிரித்தார். "'உங்க ரெண்டு பேரையும் சேத்தாகூட ஒரு ஆளு தேறலியே பாய்'னுது அந்தம்மா."

சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகளுக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்தார்.

"ஒண்ணு சொல்லிச்சு. 'கத்துக்கிட்டு வாங்க, அடுத்த மாசம் வரைக்கும் ஆள் எடுக்கல'னுச்சு. ரெண்டு பேருக்கும்தான். ஆனா ஒரு எடம்தான் மச்சான்."

மறுநாளே பாய் வீட்டில் உட்கார்ந்தோம். பர்ச்சேஸை நான் சொன்னேன், பேங்கை அவர் சொன்னார். எதிர் சீட் சாந்தியம்மா வந்து ரிட்டர்ன் போடுவதைக் காட்டினார். நடுவில் பீரோ இல்லாமல் ஒருவர் வேலையை ஒருவர் பார்த்தது அப்போதுதான். நாங்கள் பயந்த அளவுக்கு அதில் ஒன்றுமே இல்லை. எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

4. முதலாளி வீட்டில்

வேலை பார்த்ததற்கு சர்ட்டிபிகேட் வாங்கப் பழைய முதலாளியிடம் போனேன். இன்டர்வியூவில் நடந்ததைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் உங்களுக்கு என்ன கொற வச்சேன்? எவனாவது விட்டுப் போனீங்களா?"

"எங்க போறது மொதலாளி? எங்கள யாரு எடுப்பா?"

வாய்க்குக் கொண்டுபோன காபியைக் கீழே வைத்துவிட்டார். நான் கிளம்பும்வரை அதைத் தொடவில்லை.

5. முதுநகரில்

சிதம்பரம் வேலை பாய்க்குக் கிடைத்தது. அவர் வேகம் எனக்கு வரவில்லை. எனக்குக் கடலூர் முதுநகரில் ஒரு ஐஸ் கம்பெனி.

முதல் நாள் அந்த முதலாளி நாற்காலியைக் காட்டினார். "இதான் உங்க சீட். பர்ச்சேஸ்."

"சரிங்க. அடுத்த சீட் வேல எப்பங்க கத்துத் தருவீங்க?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்னங்க, இன்னும் இதுலயே உக்காரல?"

"உக்கார்றேன். எப்பன்னு சொல்லுங்க."

சேர்கிற அன்றைக்குச் சம்பளம் எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறீர்கள். இதையும் கேளுங்கள். முதலாளிக்குத் தூக்கிவாரிப் போடும். போடட்டும். நரைத்த பிறகு நமக்குப் போடுவதைவிட அது பரவாயில்லை.