என் கணவரை மட்டும் கடித்த தேத்தண்ணி வடி

எங்கள் வீட்டில் தேத்தண்ணி வடிகட்டுகிற இரும்புக் கம்பி வடி என் கணவரைக் கடித்தது. ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. முதல் இரண்டு தடவையும் நான் அவரை நம்பவில்லை.

நான் கிளிநொச்சியில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அவர் வயல் செய்கிறார். மண்வெட்டி அவருடையது, வீட்டில் சுத்தியலும் குறடும் என்னுடையவை. போன மாரியில், முன் அறைக்கும் குசினிக்கும் நடுவில் இருக்கிற பலகைச் சுவரில், தொலைக்காட்சிக்கான பிளக் பெட்டி வெடித்துப்போனது. எங்களுக்கு வயரிங் செய்துதந்த பெண் அப்போது முள்ளியவளையில் ஒரு வீட்டு வேலையில் நின்றாள். அவளுடைய பெற்றோர் மலையகத்திலிருந்து வந்தவர்கள். அவள் பிறந்து வளர்ந்தது இங்கேதான் என்றாலும், வீட்டுப் பேச்சு நாக்கை விட்டுப் போகவில்லை.

"அடுத்த கிழமை வாறேன் ரீச்சர், அது வரைக்கும் தொடாதீங்க" என்று போனில் சொன்னாள்.

நான் தொட்டேன். மெயின் சுவிச்சை நிற்பாட்டிவிட்டுத்தான் தொட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். புதுப் பிளாஸ்டிக் பெட்டியோடு வந்த ஆணிகள் கொசு மாதிரி இருந்தன. எனக்கு அவற்றில் நம்பிக்கை வரவில்லை. கதவுப் பிணைச்சலுக்கு வாங்கி மிஞ்சியதில், நல்ல நீளமான பித்தளை ஸ்குரூ ஆணி ஒன்றை எடுத்து, பெட்டியின் நடுவில் துளை போட்டு இறுக்கினேன். பிளாஸ்டிக் மின்னைக் கடத்தாது என்று ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்கிறவள் நான். எனக்கென்ன பயம்?

பெட்டி அசையாமல் நின்றது. ஆணியின் நுனி மட்டும் மறுபக்கம், குசினிக்குள், ஒரு விரல் அகலம் நீட்டிக்கொண்டிருந்தது. அதையும் வீணாக்காமல் வடியை அதில் கொழுவினேன்.

அடுத்த நாள் மத்தியானம் அவர் வயலால் வந்து, கிணற்றடியில் கால் கழுவி, ஈரக் காலோடு தேத்தண்ணி போடப் போனார்.

"ஐயோ! வடி கடிக்குது!"

"வடி எப்பிடியப்பா கடிக்கும்?"

கரண்டும் நின்றிருந்தது. போய்ப் பார்த்தால், கரண்ட் ஒழுகினால் தானாக விழுகிற ட்ரிப் சுவிச் விழுந்திருந்தது. மழைக்கு விழுந்திருக்கும் என்று நினைத்து அதை மேலே தள்ளிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் கையை உதறிக்கொண்டு வந்தார். நான் எழுந்து போய், ட்ரிப்பைத் தள்ளிவிட்டு, செருப்புக் காலோடு நின்று வடியைக் கழற்றினேன், கொழுவினேன், திரும்பவும் கழற்றினேன்.

"பாருங்கோ, ஒண்டும் இல்லை."

"அப்ப ஆளைப் பாத்தோ கடிக்குது?"

"தண்ணிக்கை நிண்டு நிண்டு உங்களுக்கு நரம்பு தளந்திட்டுது."

பாவம், அதைப் பாதி நம்பி, பின்னேரம் முழுக்கக் கைக்கு நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு மர அகப்பைக் காம்பால்தான் வடியை எடுத்தார், பாம்பைத் தூக்குவது போல. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மூன்றாம் தடவை, அவசரத்தில் அகப்பையை மறந்துவிட்டார். நான் மின்விசிறிக்குக் கீழே விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். குசினியில் அவர் கத்தவும் என் தலைக்கு மேலே விசிறி நிற்கவும் சரியாக ஒரே நேரம். சிவப்புப் பேனையைக் கீழே வைத்தேன். அவரைக் குசினிக்குள் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டு வயரிங் செய்தவளுக்குப் போன் எடுத்தேன்.

மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, முதலில் ட்ரிப்பை மேலே தள்ளிவிட்டாள். என் கணவர் கடிபட்ட கதையை ஒன்று விடாமல் சொன்னார். நடுவில் நான் புகுந்து, "எனக்கு ஒண்டும் செய்யேல்லை, இஞ்ச பார்" என்று வடியிடம் கையைக் கொண்டுபோனேன். அன்று செருப்பு என் காலில் இல்லை. அவள் என் மணிக்கட்டில் பட்டென்று ஒரு அடி போட்டாள்.

"அறிவிருக்கா ரீச்சர்!" என்றவள், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மன்னிச்சிக்கங்க."

டெஸ்டரை வடியில் வைத்தாள். அதற்குள் இருந்த குட்டி விளக்கு பளிச்சென்று எரிந்தது. என் கணவரின் முகம் அதைவிடப் பளிச்சென்று எரிந்தது.

மெயினை நிற்பாட்டிப் பெட்டியைத் திறந்தோம். வயரின் தோலை நான் தேவைக்கு மேல் சீவியிருந்தேன். வெறும் செம்புக் கம்பி பித்தளை ஆணியின் தலையில் அமர்ந்திருந்தது.

"பெட்டி பிளாஸ்டிக், சரி. ஆணி என்ன, பிளாஸ்டிக்கா?"

நான் குறடை அவளிடம் நீட்டினேன்.

"இரும்புப் பெட்டின்னா, கரண்ட் மண்ணுக்குள்ள இறங்க அதுக்கு எர்த் வயர் குடுத்திருப்பேன். வயர் பட்ட உடனே ட்ரிப் விழுந்திருக்கும். இதுல ஆணிக்கு எர்த் இல்ல. யாராவது தொடுற வரைக்கும் கரண்டை வச்சிக்கிட்டு சும்மா நிக்கும்."

"நான் செருப்போடை நிண்டனான். இவர் ஈரக் காலோடை."

"அதேதான். அண்ணன்தான் உங்க வீட்டு எர்த்."

நீள ஆணியைக் கழற்றி, கம்பியை அளவாக வெட்டி, பெட்டியோடு வந்த கொசு ஆணிகளை அவற்றுக்கென்று இருந்த மூலைக் குழிகளில் பூட்டி, மேலே பிளாஸ்டிக் மூடி போட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"வேற எங்கயாவது இந்த மாதிரி ஆணி பூட்டினீங்களா?"

"இல்லை. இது ஒண்டே ஒண்டுதான்."

"மூண்டு!" என்றார் கணவர், முற்றத்திலிருந்து.

வீட்டைச் சுற்றி வந்தோம். மற்றப் பெட்டிகளில் கம்பி எதுவும் ஆணியில் படவில்லை. ஆனாலும் எல்லாவற்றையும் மாற்றினாள். கழற்றிய பித்தளை ஆணிகளைக் கையில் உருட்டிப் பார்த்து, "நல்ல ஆணி ரீச்சர். எங்க ஆட்டுக்கொட்டில் கதவுக்கு எடுத்துக்கவா?" என்று கேட்டாள். கடதாசியில் சுற்றிக் கொடுத்தேன்.

அவள் போன பிறகு கணவர் கதிரையை இழுத்துப் போட்டு என் முன்னால் இருந்தார்.

"அப்ப, எனக்கு நரம்பு தளரேல்லை?"

"இல்லை. நீங்கள் சொன்னதுதான் சரி. நான்தான் பிழை."

"இன்னொருக்காச் சொல்லும். கோழி கத்தினதிலை கேக்கேல்லை."

சொன்னேன். பக்கத்து வளவுக்கும் கேட்டிருக்கும்.