துவக்குப் பெட்டியின் சாவி

ஊரை விட்டு வந்த பிறகு மல்வேர்னில் நாங்கள் வாடகைக்கு இருந்த டவுன்ஹவுசில், படுக்கையறை அலுமாரிக்குள், தரையோடு சேர்த்துத் திருகாணியால் முடுக்கிய ஓர் இரும்புப் பெட்டி இருந்தது. அதற்குள் என் பெயரில் பதிவான ஒரு கைத்துப்பாக்கி, எங்கள் பேச்சில் துவக்கு, இருந்தது. இதைச் சொன்னால் இன்றைக்கும் சிலர் கதிரையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்வார்கள். இழுக்கட்டும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பிளாஸ்டிக் மூடிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எனக்குக் காலை ஷிப்ட். பக்கத்து மெஷினில் என் வயதுப் போலந்துக்காரி ஒருத்தி நின்றாள். திங்கட்கிழமைகளில் நாங்கள் எல்லாரும் தூங்கி வழிய, அவள் மட்டும் முகம் தெளிந்து வருவாள். ஞாயிறுகளில் என்ன செய்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன். சுடப் போவதாகச் சொன்னாள். கடதாசியில் வரைந்த வட்டங்களைக் குறிபார்த்துச் சுடும் கிளப் ஒன்றில் அவளும் புருஷனும் உறுப்பினர்கள். அடுத்த ஞாயிறு என்னையும் விருந்தாளியாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

யாழ்ப்பாணத்தில் துவக்கைப் பார்க்காத நாள் எனக்குக் குறைவு. எல்லாம் அடுத்தவன் கையில் இருந்தவை. சீருடை போட்டவன் கையிலும் பார்த்தேன், சாரம் கட்டியவன் கையிலும் பார்த்தேன். துவக்கைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும், தலையைக் குனிய வேண்டும், கேட்டதற்கு மட்டும் மறுமொழி சொல்ல வேண்டும். அந்த ஞாயிறு, காதுகளை மூடிக்கொண்டு நான் நின்ற நீண்ட கொட்டகையில், அது முதல்முறையாக என் கையில் இருந்தது. குளிர்ந்த, பாரமான ஓர் இரும்பு, அவ்வளவுதான். சொல்லித்தந்தபடி பிடித்துச் சுட்டேன். கடதாசியைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தபோது துளைகள் எல்லாம் கறுப்பு வட்டத்துக்குள் இருந்தன. எனக்குப் பிடித்திருந்தது. அதற்கு மேல் ஒரு நியாயம் வேண்டுமென்று நான் நினைக்கவில்லை.

வகுப்புக்குப் போனேன். அங்கே சுடுவதைவிடச் சுடாமல் வைத்திருப்பதைத்தான் கூடுதலாகப் படிப்பித்தார்கள். எந்தத் துவக்கையும் குண்டு இருக்கும் துவக்காகவே நினை. கழற்றினாலும் நம்பாதே, உள்ளே வெறுமையா என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார். விசைக்கு ஒரு பூட்டுப் போடு, பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டு, குண்டுகளை வேறிடத்தில் வைத்து அதையும் பூட்டு. இதையே திரும்பத் திரும்பச் செய்வித்தார்கள். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். பரீட்சையில் தடுமாறியது நான் அல்ல.

பிறகு பொலிஸ் அதிகாரியோடு ஒரு நேர்காணல். கையெழுத்துப் போடுவதற்கு முன் அவர் கேட்டார், "இது உங்கள் கணவருக்குத் தெரியுமா?"

"எனக்கு முன்னால் இந்தக் கதிரையில் இருந்த ஆளிடம், அவருடைய மனைவிக்குத் தெரியுமா என்று கேட்டீர்களா?" என்றேன்.

"கேட்டேன். எல்லாரிடமும் கேட்பேன்," என்றார் அவர்.

"தெரியும். ஆனால் விருப்பமில்லை," என்று உண்மையைச் சொன்னேன். அவர் என் கணவருக்கு ஃபோன் எடுத்தார். அவள் பிடிவாதக்காரி, ஆனால் விசரி இல்லை என்று கணவர் சொன்னாராம். வீட்டுக்கு வந்த பிறகும் அவர் புறுபுறுத்தபடிதான் இருந்தார். "ஊரிலை பட்டது காணாதே உமக்கு?" என்றார். ஆனாலும் டிரில்லை எடுத்து, அலுமாரித் தரையில் துளை போட்டு, பெட்டியை முடுக்கித் தந்தது அவர்தான்.

சாவிகள் எல்லாம் என்னோடு. எங்கே என்று இங்கேயும் எழுதமாட்டேன். ஒளித்துவைப்பது வேறு, பூட்டிவைப்பது வேறு என்பதை எனக்கு விளங்கவைத்தவள் என் மகள். அப்போது அவள் முதலாம் வகுப்பு. அலுமாரி உச்சியில், பழைய சூட்கேசுக்குப் பின்னால் நான் ஒளித்துவைத்த முறுக்கு டின்னை ஒரு பின்னேரத்துக்குள் கண்டுபிடித்துக் காலியாக்கியிருந்தாள். நல்லகாலம், முறுக்கோடு போனது. அன்றே போய் இன்னும் பலமான பூட்டாக ஒன்று வாங்கிவந்தேன்.

கொண்டுபோவதும் அப்படித்தான். பூட்டிய துவக்கு, பூட்டிய பெட்டி, கார் டிக்கிக்குள். வீட்டிலிருந்து நேரே கிளப்புக்கு, கிளப்பிலிருந்து நேரே வீட்டுக்கு. வரும் வழியில் பாண் வாங்க நிறுத்துவோம் என்று கணவர் ஒருநாள் காரைத் திருப்பினார். "முதலில் வீட்டை போவம். பேந்து நான் நடந்துபோய் வாங்கிக்கொண்டு வாறன்," என்றேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது. நடந்துபோய்த்தான் வாங்கிவந்தேன்.

இப்படி ஒரு வருஷம் கரைச்சலில்லாமல் போனது. பிறகு கணவரின் தமையனுடைய கடையில் கொள்ளை நடந்தது. எங்களுக்குக் கிட்ட, ஒரு பிளாசாவில் மரக்கறியும் வீடியோ கசெட்டும் வைத்திருந்தார். பட்டப்பகலில் இரண்டு பேர் கத்தியோடு வந்து, கல்லாவை வழித்துக்கொண்டு, அவரையும் தள்ளி விழுத்திவிட்டுப் போனார்கள். விழுந்ததில் உதடு வெடித்திருந்தது. அதைவிட, வாடிக்கையாளர் முன்னால் விழுந்ததுதான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அந்த ஞாயிறு மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருடைய மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

தேத்தண்ணியை வாங்கி ஒரு மிடறு குடித்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

"பிள்ளை, உம்மடை துவக்கை எனக்குத் தாரும். கவுண்டருக்குக் கீழை வைக்கப்போறன்."

"அது ஏலாது அண்ணை."

"ஏன் ஏலாது? உமக்குக் கரி பெர்மிட் இருக்குதாம். கரி எண்டால் கொண்டு திரியிறதுதானே."

அந்தக் காலத்தில் அந்த அனுமதிக்கு அப்படித்தான் பேர். "அது கிளப்புக்குக் கொண்டுபோய்க் கொண்டுவர மட்டும். அதுவும் பூட்டின பெட்டிக்குள்ளை. இடுப்பிலை செருகவும் ஏலாது, கடையிலை வைக்கவும் ஏலாது. என்ரை பேரிலை பதிஞ்சது. வேறை ஆருக்கும் குடுக்கேலாது."

"ஆர் வந்து பாக்கப்போறான்? சும்மா வெருட்டத்தானே. குண்டும் வேண்டாம்."

"வெருட்ட எண்டு தூக்கினவை எல்லாரும் பேந்து என்ன செய்தவை எண்டு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும் அண்ணை."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். என் கணவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அக்கா வாய் திறந்தாள். "சொந்தத்துக்கு உதவாத சாமான் என்னத்துக்குத் தங்கச்சி? அவர் கேக்கிறார். குடுத்தால் என்ன?"

எனக்குச் சுட்டது. கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். பின்னாலேயே அக்கா வந்தாள். பைப்பை முழுதாகத் திறந்துவிட்டாள். தண்ணீர் விழும் சத்தத்துக்குள் அவள் சொன்னது இதுதான்:

"குடுத்திடாதையும் தங்கச்சி. அவருக்கு முன்னாலை நான் என்ன சொன்னாலும் குடுத்திடாதையும்."

ஸ்வெற்றர் கையை முழங்கைவரை மடித்துக் காட்டினாள். கண்டிப்போன தழும்புகளை நான் பார்த்ததும் இறக்கிவிட்டாள். "கள்ளன் ஒருநாள்தான் வந்தவன்," என்றாள். எங்கள் வீட்டுக்கு வந்துவிடச் சொன்னேன். தலையை ஆட்டி மறுத்தாள். "ஆருக்கும் சொல்லாதையும். உம்மடை மனுசனுக்கும்."

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் இலேசானவை அல்ல. தமையனார் எனக்குச் சொந்தத்தைவிடத் துவக்குத்தான் பெரிது என்று ஊரெல்லாம் சொன்னார். கொழும்பிலிருந்து மாமியார் ஃபோன் எடுத்து அழுதார். ஊர்ச் சண்டையில் நான் அந்தப் பக்கத்து ஆளா இந்தப் பக்கத்து ஆளா என்று கோயிலில் ஆராய்ந்தார்களாம். எந்தப் பக்கமும் இல்லாத ஒரு பொம்பிளை துவக்கு வைத்திருப்பாள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒரு பின்னேரம் கணவர் கேட்டார், "சாவி எங்கை?"

"ஏன்?"

"அண்ணைக்குக் குடுக்கக் கேக்கேல்லை. எனக்கே தெரியாமல் வைச்சிருக்கிறீர், அதுதான் கேக்கிறன். என்னை நம்பேல்லையே?"

"உங்களை நம்புறன். உங்கடை அண்ணை உங்களுக்கு முன்னாலை நிண்டு அழுதால் நீங்கள் மாட்டன் எண்டு சொல்லுவியள் எண்டு நம்பேல்லை."

அன்று அவர் சாப்பிடவில்லை. குசினியில் கேட்டதை அவரிடம் சொல்லியிருந்தால் எல்லாம் அந்த நிமிஷமே தீர்ந்திருக்கும். நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். சொல்லியிருந்தால் அவர் தமையனிடம் நியாயம் கேட்கப் போயிருப்பார், அதற்கான விலையை அக்கா கொடுத்திருப்பாள்.

சில நாள் கழித்துத் தமையன் மறுபடி ஃபோன் எடுத்தார். கணவர் ஹோலில் நின்று பேசியது எனக்குக் கேட்டது. "அண்ணை, சாவி அவவிட்டைத்தான். எனக்கும் தரமாட்டா. தரவும் கூடாது. இனி உதைப் பற்றி என்னோடை கதைக்காதையுங்கோ." ரிசீவரை வைத்துவிட்டு என் பக்கம் பார்க்காமலே மாடிக்கு ஏறிப்போனார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவரை நான் அவ்வளவு விரும்பிய நேரம் வேறில்லை.

அந்தக் கோடையில் தமையனாரின் மூத்த மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு. எங்களுக்கு அழைப்பில்லை. நான் போனேன். நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டி, பிள்ளைக்குக் காப்பும் வாங்கிக்கொண்டு போய் முன்வரிசையில் இருந்தேன். தமையனார் முகத்தைத் திருப்பினார். பக்கத்தில் இருந்த அன்ரி ஒருவர், "துவக்கையும் கொண்டந்தனீரோ?" என்று நக்கலாகக் கேட்டார்.

"இல்லை அன்ரி. அது பூட்டிக் கிடக்கு. உங்கடை வீட்டு நகையெல்லாம் பூட்டிப்போட்டுத்தானே வந்தனீங்கள்?"

சாப்பாட்டு நேரம் அக்கா தானே வந்து என் தட்டில் சோறு போட்டாள். இரண்டாம் முறையும் போட்டாள்.

அடுத்த வருஷம், பள்ளிக்கூடம் விடுகிற நேரம், எங்கள் வாசலில் ஒரு டக்சி வந்து நின்றது. அக்காவும் இரண்டு பிள்ளைகளும் உடுப்புப் பைகளோடு இறங்கினார்கள். பிள்ளைகள் உள்ளே போன பிறகு அவள் படியிலேயே நின்றாள்.

"தங்கச்சி, அது இருக்கிற வீட்டிலை நான் எப்பிடிப் படுக்கிறது? அவர் தேடி வந்தால்?"

மேலே கூட்டிக்கொண்டுபோய் அலுமாரியைத் திறந்து காட்டினேன். அவள் குந்தியிருந்து பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு இழுத்தாள். அசையவில்லை. உள்ளே அதற்கு இன்னொரு பூட்டும் இருக்கிறது, குண்டு இதற்குள் இல்லை என்று சொன்னேன். ஆனாலும் மறுநாள் கிளப்புக்கு ஃபோன் எடுத்து, அதிகாரியிடமும் கேட்டு, அவள் எங்களோடு இருக்கும்வரை துவக்கைக் கிளப்பின் இரும்பறையிலேயே வைக்க ஒழுங்கு செய்தேன். பூட்டில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அவளுக்கு நித்திரை வேண்டும்.

நான் எதிர்பார்த்தபடியே பெரியவர்கள் வந்தார்கள். தமையனாரின் சித்தப்பா முறையான ஒருவரும், கோயிலில் நாலு பேர் மதிக்கிற அங்கிள் ஒருவரும். என் கணவரைப் பார்த்துத்தான் பேசினார்கள். அங்கிள் கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, துவக்கிலை துவங்கினது இது. அண்டைக்கு அவன் கேட்டதைக் குடுத்திருந்தீர் எண்டால் குடும்பம் இப்பிடிக் குழம்பியிருக்காது."

குசினியில் இருந்து அக்கா வந்தாள். கையில் அகப்பை இருந்தது, அதை வைக்க மறந்துவிட்டாள்.

"நான்தான் குடுக்க வேண்டாம் எண்டு சொன்னனான்," என்றாள். "இவ ஆருக்கும் சொல்லேல்லை. இவ்வளவு நாளும் உங்கள் எல்லாரிட்டையும் பேச்சு வாங்கிக்கொண்டு இருந்தவ. அண்டைக்குக் குடுத்திருந்தால் நான் செத்து, நீங்கள் இண்டைக்கு என்ரை எட்டுச் செலவு சாப்பிட்டுப்போட்டு இருப்பியள், அங்கிள்."

சித்தப்பா இருமினார். கணவர் என்னைப் பார்த்தார், நீண்ட நேரம் பார்த்தார். பிறகு எழுந்துபோய் வாசற்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அவர்கள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனார்கள்.

அக்கா அந்தக் குளிர்காலம் முழுதும் எங்களோடு இருந்தாள். பிறகு கிட்டவே ரூஜ் என்ற இடத்தில் ஒரு பேஸ்மென்ட் வீடு எடுத்து, பேக்கரியில் வேலை தேடி, பிள்ளைகளை வளர்த்தாள். தமையனார் கடைக்குப் பொத்தானை அமத்தினால் மட்டும் திறக்கும் கதவு போட்டார். பிறகு கொள்ளை ஏதும் நடந்ததாக நான் கேள்விப்படவில்லை. என்னிடம் அவர் மன்னிப்புக் கேட்டதுமில்லை, நான் எதிர்பார்த்ததுமில்லை. துவக்கு வீட்டுக்குத் திரும்பி வந்தது. மணிக்கட்டு வலிக்கத் தொடங்கும்வரை ஞாயிறுகளில் போய்ச் சுட்டேன். பிறகு முறைப்படி மாற்றி எழுதி, கிளப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு விற்றேன்.

இதை எழுதட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன்.

"எழுதும். பேரை மட்டும் போடாதையும்," என்றாள். பிறகு தானே, "போட்டாலும் பரவாயில்லை," என்றாள்.