பதினொரு வருடம் பத்தொன்பது வயது

ஃபேபியோலா என்கிற பெயரை நான் முதன்முதலில் கேட்டது அறுபத்தேழாம் வருடம், புனேவில் கிர்க்கி கோயிலில், ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபோது. இப்போது ஸ்டேஷன் போர்டில் கட்கி என்று எழுதியிருக்கிறார்கள், எங்களுக்கு அது கிர்க்கிதான். என் சின்னம்மா மகள் ஆரோக்கியமணிக்கு அது தலைப்பிள்ளை. சாமியார் பெயர் கேட்டதும் குழந்தையின் அப்பா நார்மன் முந்திக்கொண்டு சொன்னான். அவனுடைய அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது.

"ஏன்டா, மேரின்னு வெச்சா வாய் வலிக்குதா?"

"புனிதை பேருதாம்மா. ரோமாபுரியில ஆஸ்பத்திரி கட்டுனவங்களாம்."

"அவ ஆஸ்பத்திரி கட்டட்டும். நான் எப்படிடா இவளைச் சோறு தின்னக் கூப்பிடுவேன்?"

நார்மனுக்குத் தளேகாவில் தொழிற்சாலை வேலை. குடும்பம் அங்கே போய்விட்டது. பெண் மட்டும் படிப்புக்காக லோக்கல் ரயிலில் புனேவுக்கு வந்து போனாள். போகும்போது இல்லாவிட்டாலும் திரும்பும்போது கிர்க்கியில் இறங்கி என் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் அடுத்த வண்டி ஏறுவாள். அப்படியே எம்.ஏ. முடித்தாள், சைக்காலஜியில். சொந்தத்தில் ஒருவருக்கும் அது என்னவென்று புரியவில்லை. "பைத்தியத்துக்குப் பாக்குற படிப்பா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். என் கொழுந்தன் சேவியருக்கு வாய் நீளம். "நல்லதாப் போச்சு. நம்ம குடும்பத்துலயே அவளுக்கு அம்பது வருஷத்துக்கு வேலை கெடக்கு" என்றான்.

தொண்ணூற்று நாலு ஜூன் மாதம் புனே கேம்ப் வட்டாரத்துக் கல்லூரி ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. நிரந்தர வேலை இல்லை, எடுத்த மணிக்குத்தான் சம்பளம். அதிலும் முதல் நாளே பிரின்சிபால் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: கடைசி வருடத்தில் சைக்காலஜியைத் தனிப் பாடமாக எடுத்தவர்கள் ஏழே பேர். வருகிற ஜூனுக்குள் இருபது பேர் கேட்டு வராவிட்டால் அந்தப் பாடத்தையே மூடிவிடுவோம். நீயும் வேறு இடம் பார்த்துக்கொள்.

ஆரோக்கியமணி அன்றைக்கே என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, நீயாவது சொல்லு. கான்வென்ட் ஸ்கூல்ல பெர்மனென்ட் வேலை இருக்குன்னு மதர் ரெண்டு தடவ ஆள் அனுப்பிட்டாங்க. மூடப்போற கடையில இவ என்னத்த விக்கப் போறா?"

ஃபேபியோலா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஒரு வருஷம் குடும்மா. இருபது பேர் வரலேன்னா மதர் சொன்ன எடத்துக்குப் போயிடறேன். சத்தியமா."

அந்த ஒரு வருடத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அந்தப் படிப்பில் பரீட்சை செய்முறையாகவும் உண்டு. கணக்குப் பரீட்சைக்குக் காம்பஸ் கொண்டு போவதுபோல இந்தப் பரீட்சைக்கு ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பரீட்சை எழுதுகிற பெண் அந்த ஆளை உட்காரவைத்து, ஏதாவது செய்யச் சொல்லி, எத்தனை நிமிஷம் ஆனது, எத்தனை தப்பு வந்தது என்று எழுதுவாள். அந்த ஆளுக்கு 'சப்ஜெக்ட்' என்று பேர். வருடம் முழுக்க வகுப்பில் இப்படிச் செய்து பார்த்ததை ஜர்னல் என்ற நோட்டில் எழுதிவைக்க வேண்டும். பரீட்சையன்று வெளியூரிலிருந்து ஒரு வாத்தியார் வந்து இரண்டையும் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்.

ஆகஸ்ட் மாதம், அடைமழை. நான் மேத்திக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவள் கல்லூரி அலமாரியில் கிடந்த பழைய ஜர்னல்களைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவந்து என் வீட்டுத் தரை முழுக்கப் பரப்பினாள். பதினொரு நோட்டு, வருடத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் அதே பக்கத்தைத் திறந்து வைத்தாள். கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம் வரைகிற பரிசோதனையாம். ஒவ்வொரு பக்கத்திலும், தடவைக்குத் தடவை ஆன நேரத்தைக் காட்டுகிற ஒரு கோடு, மாடிப்படி மாதிரி அழகாக இறங்கி வந்தது.

"இதைப் பாரு பெரியம்மா. எண்பத்தி நாலு. சப்ஜெக்ட் பேரு பாத்திமா. வயசு பத்தொம்பது. மொதல் தடவ நூத்தி எண்பத்தி ஆறு செகண்ட்."

"சரி."

"எண்பத்தஞ்சு. பாத்திமா. வயசு பத்தொம்பது. நூத்தி எண்பத்தி ஆறு செகண்ட்."

நான் மேத்தியை வைத்துவிட்டேன். எண்பத்தாறிலும் பாத்திமாதான். தொண்ணூறிலும். தொண்ணூற்று நாலிலும் அந்தப் பெண்ணுக்கு வயது பத்தொன்பதுதான். அக்காமார் நோட்டைத் தங்கச்சிமார் வாங்கி, பேரைக்கூட மாற்றாமல், பதினொரு வருடம் பார்த்து எழுதியிருக்கிறார்கள். கேட்கவும் ஒருவர் இருக்கவில்லை.

"அடிப்பாவிங்களா! நீ என்ன செஞ்சே? நல்லா வெச்சு வாங்குனியா?"

"எதுக்கு வையணும்? தப்பா வந்தா மார்க் போயிடும்னு பயம். அதனால செஞ்சே பாக்கறது இல்ல." எண்பத்து நாலாம் வருடத்து நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "ஆனா பெரியம்மா, இந்த பாத்திமான்னு ஒருத்தி நெஜமாவே இருந்திருப்பால்ல?"

நான் பிறந்ததிலிருந்து நிறையப் படித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்வி வேறு யாருக்கும் வந்திருக்காது.

எண்பத்து நாலாம் வருடத்து நோட்டுக்காரி வானவாடியில் குடித்தனம் இருந்தாள். அவளைப் பிடித்து, அவள் சொன்ன அடையாளத்தை வைத்து, ஒரு ஞாயிறு பூசை முடிந்த கையோடு நானும் ஃபேபியோலாவும் கேம்ப்பில் ஒரு சந்துக்குள் போனோம். ஆம்பூர்க்காரக் குடும்பம், வீட்டில் தமிழ்தான். கதவைத் திறந்தவளுக்கு முப்பது வயது, இடுப்பில் ஒரு பிள்ளை, விரல் பூராவும் மருதாணிக் கறை. கல்யாண வீடுகளில் மெஹந்தி போடுகிறவள்.

விஷயத்தைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு நிற்கவில்லை. "யா அல்லா! பதினோரு வருஷமா எனக்குப் பத்தொம்பதா? இதை எங்க ஊட்டுக்காரர்கிட்ட ஒருக்கா சொல்லிட்டுப் போங்க டீச்சரம்மா, புண்ணியமாப் போவும்."

"அன்னிக்கி நட்சத்திரம் வரஞ்சீங்களா?"

"எங்க? அவ வரச் சொன்னா, போனேன். ஆயிரத்தெட்டு கேள்வி கேட்டு எழுதிக்கிட்டா. கண்ணாடி ஒடஞ்சு கெடந்துச்சு. சமோசா வாங்கிக் குடுத்து அனுப்பிட்டா."

முதல் நோட்டிலேயே அந்த நூற்று எண்பத்தாறு நிஜமில்லை. பாடப்புத்தகத்திலிருந்து எடுத்த எண்.

மறுநாள் ஃபேபியோலா ஏழு பெண்களையும் உட்காரவைத்து இரண்டு சட்டம் சொன்னாள். ஒன்று, கோணலாக வந்தால் கோணலாகவே எழுத வேண்டும். கோணல் ஏன் வந்தது என்று சொல்கிறவளுக்குத்தான் மார்க். இரண்டு, பரீட்சைக்குக் கூட்டி வருகிற ஆள் கல்லூரியில் படிக்காதவராக இருக்க வேண்டும். கூடப் படிக்கிற தோழி கூடாது. வருடம் முழுக்க அந்த ஆளின் வீட்டுக்கும் வேலைக்கும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

பெண்கள் முதலில் அழுதார்கள். பிறகு ஒருத்தி ரிக்‌ஷாக்காரரைப் பிடித்தாள். ஒருத்தி காய்கறி விற்கிற சாவித்ரியோடு விடிகாலையில் மண்டிக்குப் போய்வந்தாள். ரீனா என்கிற பெண்ணுக்கு நான். சந்திரிகா என்று ஒருத்தி, கூப்பிட்டால்கூடச் சத்தம் வராது, அவ்வளவு வாயில்லாப் பூச்சி. அவளுக்குப் பாத்திமா வாய்த்தாள்.

தொண்ணூற்றைந்து மார்ச் மாதம் பரீட்சை. வந்த வாத்தியார் ஒல்லியான மராட்டியர், வெள்ளைச் சட்டை, நெற்றியில் சுருக்கம். என்னிடம் ரீனா அர்த்தமில்லாத பத்துச் சொல்லைக் காட்டினாள். எனக்கு நாலுதான் நின்றது. அவள் நாலு என்றே எழுதினாள். பக்கத்து மேஜையில் பாத்திமா. எதிரே கண்ணாடி, கையை மறைத்து ஒரு தகடு. கண்ணாடியில் பார்த்துத்தான் நட்சத்திரத்தின் மேல் பென்சிலை ஓட்ட வேண்டும். செய்து பார்த்தால் தெரியும், மேலே போகச் சொன்னால் கை கீழே போகும். ஒருநாள் வீட்டில் சேவியர் செய்துபார்த்துவிட்டு, "கை என்னுதா, இல்ல பக்கத்து வீட்டுக்காரனுதா?" என்றானே, அந்தப் பாடு.

பாத்திமா முதல் தடவை நாற்பத்தொரு செகண்டில் முடித்தாள். அடுத்து நாற்பது. அப்புறம் நாற்பத்திரண்டு. பத்துத் தடவையும் அப்படியே. சந்திரிகாவின் தாளில் கோடு படி இறங்கவில்லை. ரயில் தண்டவாளம் மாதிரி நேராகக் கிடந்தது.

வாத்தியார் அதைக் கையில் எடுத்தார். "ஹே காய்?" இது என்ன என்று கேட்டார். பிறகு குரல் ஏறியது. இந்தப் பெண் முன்கூட்டியே பழகிவிட்டு வந்திருக்கிறாள், இது மோசடி, நான் யுனிவர்சிட்டிக்கு எழுதுவேன் என்றார்.

 எழுதிவிட்டால் அந்தப் பாடத்துக்கு அன்றோடு சமாதிதான். ஃபேபியோலா சுவரோரம் நின்றாள். வகுப்பு டீச்சர் வாய் திறந்து உதவக் கூடாது, அது பரீட்சைச் சட்டம். கைக்குட்டையை முறுக்கிக்கொண்டு சந்திரிகாவையே பார்த்தாள்.

அந்த வாயில்லாப் பூச்சி எழுந்து நின்றது. "சார், நட்சத்திரம் வேண்டாம். நீங்களே ஏதாவது ஒன்று வரைந்து கொடுங்கள். அதை யாரும் பழகியிருக்க முடியாது" என்று மராத்தியில் சொன்னாள். அவள் சொன்னது கடைசி மேஜை வரைக்கும் கேட்டது.

வாத்தியார் தன் பேனாவால் வளைந்தும் நெளிந்தும் கொக்கியாக ஒன்று போட்டுக் கொடுத்தார். பாத்திமா கண்ணாடியைப் பார்த்தபடியே அதன்மேல் போய்வந்துவிட்டாள். கோட்டைத் தாண்டவே இல்லை. 

"எப்படி?" என்றார் வாத்தியார்.

சந்திரிகா சொன்னாள்: இவர் எதிரே உட்கார்ந்திருக்கிற மணப்பெண்ணின் கையில் தலைகீழாக வரைகிறவர். வலது கையில் போட்டதை இடது கையில் திருப்பிப் போடுகிறவர். ஆறு கல்யாணத்துக்கு நான் கூடப் போய்ப் பார்த்தேன். மற்றவர்கள் இந்த மேஜையில் கற்றுக்கொள்வதை இவர் கை எப்போதோ கற்றுவிட்டது. அதனால்தான் கோடு இறங்கவில்லை சார், இறங்க இடமில்லை.

பாத்திமா கதையை அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. ஹிந்தியில், வாயெல்லாம் பல்லாக, "சாப், பதினொரு வருஷமாக இந்தக் காலேஜ் நோட்டில் எனக்குப் பத்தொன்பது வயசு. இன்றைக்குத்தான் நிஜமாக வரைந்திருக்கிறேன்" என்று போட்டு உடைத்துவிட்டாள்.

வாத்தியார் பழைய ஜர்னல்களைக் கேட்டார். ஃபேபியோலா அலமாரியைத் திறந்து பதினொன்றையும் அடுக்கி வைத்தாள். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பினார். ஐந்தாவது நோட்டில் அவர் விரல் நின்றது. ஏழிலும் நின்றது. அப்புறம் எட்டு, பத்து. அந்த நாலு நோட்டிலும் பார்த்ததாகப் போட்டிருந்த கையெழுத்து அவருடையது.

நோட்டுகளை மூடி ஓரமாக அடுக்கினார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு, பாத்திமாவை எழுந்திருக்கச் சொல்லி, தானே கண்ணாடி முன்னால் உட்கார்ந்தார். பென்சில் நட்சத்திரத்தைவிட்டு மேஜை வரைக்கும் போயிற்று. சந்திரிகா கடிகாரத்தைப் பிடித்திருந்தாள். "இருநூற்றுப் பன்னிரண்டு, சார்."

"எழுதும்மா. அப்படியே எழுது," என்றார்.

ஜன்னலுக்கு வெளியே இரண்டாம் வருடத்துப் பெண்கள் ஒருத்தி தோள்மேல் ஒருத்தி ஏறி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. அவர்கள் வாய் சும்மா இருக்குமா? ஜூன் மாதம் விண்ணப்ப ஃபாரம் கொடுக்க ஆரம்பித்த மூன்றாம் நாள் இருபத்தாறு பேர் சைக்காலஜி என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். பிரின்சிபால் எண்ணி, மறுபடி எண்ணி, "சலேகா" என்றாராம். ஆகட்டும் என்று அர்த்தம். அவ்வளவுதான் அவர் சொன்னது. ஆரோக்கியமணி கான்வென்ட்டுக்குப் போய் மதரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகும் ஒன்பது வருடம் மணிக்கணக்குச் சம்பளம்தான். அதற்காக அவள் குறைத்துக்கொள்ளவில்லை. ரஞ்சன்காவ் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் மாறுகிறவர்களின் தூக்கத்தை எழுத ஒரு வருடம் பெண்களை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனாள். மகர்பட்டாவில் கம்ப்யூட்டர் கம்பெனிக் கட்டடங்கள் எழும்பியபோது, ஆபீசில் இங்கிலீஷும் வீட்டில் தமிழும் பேசுகிறவர்கள் கனவில் எதைப் பேசுகிறார்கள் என்று கேட்டுவர ஆள் அனுப்பினாள். விடை என்ன வந்தது என்று கேட்டேன். "எல்லாருக்கும் கோணல் கோணலா வந்திருக்கு பெரியம்மா" என்றாள். பரிசு வாங்கினவள் முகம் அது. என் சொந்தத்தில் நூற்றுக்கு மேல் ஆட்களை எனக்குப் பேர் சொல்லத் தெரியும், ஆனால் ஒருத்தரைப் பார்த்ததும் இவருக்கு என்ன தெரிந்திருக்கும் என்று கேட்கிறவள் இவள் ஒருத்திதான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

இப்போது ஃபேபியோலாவுக்கு நாற்பத்திரண்டு வயது. வேலை நிரந்தரமாகி ஐந்து வருடம் ஆகிறது, அந்தத் துறைக்கு அவள்தான் தலைவி. தளேகாவில் அம்மாவோடு இருக்கிறாள், காலை லோக்கலில் அதே கல்லூரிக்குப் போய்வருகிறாள்.